ஆட்கள் 4

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் ரூமுக்கு ரூம் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும்: ‘ஆட்கள் 4’. ஒரு ரூமில் அதற்கு மேல் கூடாது என்று அர்த்தம். எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரும் படிக்கலாம். படித்தபின் உள்ளே தலையை நீட்டி எண்ணத்தான் கூடாது. எண்ணுகிறவருக்கு மறுநாள் ஆலை வேன் நிற்காது.

படித்துவிட்டு எண்ணாமல் இருக்க வேண்டிய பயிற்சியைப் பள்ளிக்கூடம் பத்து வருஷம் இலவசமாகவே தருகிறது.

பாடப்புத்தகத்தில் முன்னால் பாடம், பின்னால் ‘புக் பேக்’ கேள்வி. பரீட்சைக்கு வருவது பெரும்பாலும் பின்னால் இருப்பது. முன்னால் இருப்பது அதற்கு அட்டை. வாத்தியார் பென்சிலை எடுக்கச் சொல்வார். “‘எனவே’ல ஆரம்பிச்சு ‘ஆகும்’ வரைக்கும் பிராக்கெட் போட்டுக்கோ.” ‘எனவே’ என்றால் அதற்கு முன்னால் ஒரு காரணம் இருக்க வேண்டுமே! இருக்கும். அது பிராக்கெட்டுக்கு வெளியே.

“எங்கம்மா ரூம்ல எட்டுப் பேரு இருக்காங்களே சார்?” என்று ஒரு பிள்ளை எழுந்தால் என்ன பதில்? “அது கேள்வித்தாள்ல வராதும்மா. உக்காரு.”

தப்பித்தவறிப் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்று வந்துவிட்டால் தமிழ்நாடே கலங்குகிறது. மறுநாள் பேப்பரில் கண்ணைத் துடைக்கும் மாணவி படம். கருணை மதிப்பெண் கேட்டு அறிக்கை. யோசிக்கச் சொன்ன குற்றத்துக்கு அபராதம்!

அரசு மட்டும் புத்தகத்தை ஊன்றிப் படிக்கும். 2011 மே மாதம் ஆட்சி மாறியது. முந்தைய கருணாநிதி அரசு கொண்டுவந்த சமச்சீர் கல்விப் புத்தகங்கள் அச்சாகித் தயார். ஜெயலலிதா அரசு நிறுத்தி வைத்தது. ஜூனில் பள்ளி திறந்தது, புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகுதான் கட்டு பிரிந்தது. சும்மா பிரியுமா? கருணாநிதி வாடை அடிக்கிற இடமெல்லாம் ஸ்டிக்கர், கறுப்பு மை. வரிக்கு வரி வேட்டை. ஒரு பாடப்புத்தகத்தை இந்த நாட்டில் இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. பசை வாங்கிய காசு நம்முடையது.

ஒட்டிய தாளை உரித்துப் பார்க்காத பிள்ளை உண்டா? நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்து, அடியில் என்ன என்று தேடியிருக்கும். இதை மட்டும் ஏன் மறைத்தார்கள் என்று கேட்டிருக்கும். அந்த வருஷம் நடந்த ஒரே உருப்படியான வாசிப்பு வகுப்பு அது. நடத்தியவருக்கே தெரியாது.

வளர்ந்தவர்கள் வாசிப்பு இன்னும் சுருக்கம். ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கொளுத்தினார்கள். படிக்க நாலு வருஷம் போதவில்லை. கொளுத்த ஒரு குச்சி போதும். தீப்பெட்டி எங்கள் சிவகாசிச் சீமையில் செய்ததாகவும் இருக்கலாம், வெட்கம்தான்.

2012 செப்டம்பர் 5. ஊரெல்லாம் ஆசிரியர் தின விழா. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 உயிர். விதிமீறல் என்றார்கள். விதி எங்கே போயிற்று? 2008ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகள் பத்திரமாக அச்சில் இருக்கின்றன. அதையும் பிராக்கெட் போட்டுத்தான் படித்திருப்பார்கள் போல.

தீபாவளிக்கு மறுநாள் வாசல் கூட்டினேன். வெடி சுற்றுவது பழைய பேப்பரில்தானே. எடைக்குப் போட்ட பாடப்புத்தகமும் அதில் சேரும். கருகிய துண்டு ஒன்றில் ‘சிந்தனை வினா’ என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது. கேள்வி வெடித்துப் போயிருந்தது.