தீவைச் சுற்றும் சித்தப்பா

மதுரையில் தல்லாகுளம், கே.கே. நகர் போன்ற பகுதிகளில் குடும்பத்துக்கு ஒருவராகக் காணப்படும் ‘திட்டச் சித்தப்பா’ என்பவர், பெரும்பாலும் அரசுப் பணியிலோ வங்கியிலோ இருந்து ஓய்வுபெற்று, இலங்கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரும் திட்டத்தைக் கோடுபோட்ட நோட்டில் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிக்கொண்டிருப்பவர் ஆவார். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் 1914 முதல் தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாகப் பயணிகளைக் கொண்டுசேர்த்து, 1964 டிசம்பர்ப் புயலோடு முடிந்துபோன ‘போட் மெயில்’ பற்றிச் சொல்லித் தீர்க்காமல் அவர் பயணத்தின் முதல் நாளுக்குள் நுழைந்ததாக வரலாறு இல்லை.

முழுச் சுற்று என்ற பிடிவாதம் உண்மையில் சித்தியுடையது. அவர் கேட்பவை நல்லூர், திருக்கோணேச்சரம், கதிர்காமம் ஆகிய மூன்று கோயில்கள் மட்டுமே. அவை வடக்கிலும் கிழக்கிலும் தென்கிழக்கிலுமாக அமைந்துவிட்டதற்குச் சித்தி பொறுப்பல்லர். சித்தப்பாவின் சொந்த விருப்பமோ கண்டியிலிருந்து எல்ல வரை செல்லும் மலை ரயில். 1,898 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தையும், 1921-இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும் அவர் மனப்பாடமாக அறிவார். எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்பதில் மட்டும் அவருடைய கருத்து வாரந்தோறும் மாறும்.

திட்டம் முட்டி நிற்கும் இடம் மாதம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிப் பக்கத்தை நனைக்கிறது. ஆண்டின் இறுதியில் வடகிழக்குக் காற்று திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கத்தை நனைக்கிறது. ஆகவே தீவு முழுவதும் ஓரளவு காய்ந்திருக்கும் காலம் மாசி, பங்குனி என்று அவர் கணக்கிடுகிறார். ஆனால் மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போயாக வேண்டும். பங்குனியில் பேரப்பிள்ளைகளுக்குத் தேர்வு. அது முடிந்தால் சித்திரை, மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் விட்டுவிட்டு மதுரைக்காரர் எவரும் கடல் கடப்பதில்லை. இவ்வாறு பருவக்காற்றும் பஞ்சாங்கமும் ஒன்றுக்கொன்று வழிவிடாத காரணத்தால், நோட்டுகள் பெருகுகின்றன.

இதற்கிடையே அண்ணன் மகன், எதையும் விசாரிக்காமல், ஆடி மாதத்தில் கிளம்பிப் போய், தென்மேற்கு மழை மலைக்கு அப்பாலேயே நின்றுவிடும் எல்லயில், நீல வானத்தின் கீழ்ப் பாலத்தைப் படமெடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்புகிறான். சித்தப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, உடனே பதில் அனுப்புகிறார்: “ஒம்பதுல ஏழுதான் விழுந்திருக்கு. இன்னுங் கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்திருக்கலாம்ல?”