ஓ.டி.யில் இருக்கிறார்

கொங்கு நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் திங்கள், செவ்வாய்க்கெல்லாம் மரியாதை கிடையாது. டே ஆர்டர் ஒன்று, டே ஆர்டர் இரண்டு என்று ஆறு வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். நடுவே தீபாவளி வந்தாலும் சரி, மழைக்கு லீவு விட்டாலும் சரி, டே ஆர்டர் விட்ட இடத்திலேயே நின்று நமக்காகக் காத்திருக்கும். முதலாமாண்டு மாணவி ஒருவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கு எந்த டே ஆர்டர் என்று சொல்லிவிடுவார். மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் மட்டும், "தெரியலீங்களே, நான் ஓ.டி.ங்க" என்பார். நம் நாயகர் அவர்தான்.

ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. கல்லூரி வேலையாக வெளியே போயிருப்பவர் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகவே கணக்கு. உடம்பு உடுமலையில் இருக்க, வருகை மட்டும் வகுப்பறையில் பதிவாகும். கூடுவிட்டுக் கூடு பாய்வதை ஒப்புக்கொள்ளாத பகுத்தறிவுவாதிப் பேராசிரியர்கூட இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். கீழே முதல்வரின் கையெழுத்து இருக்கிறதே!

அவருடைய கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் கல்லூரி என்பது பழைய சங்கதி. கோவை அரசு கலைக் கல்லூரி தன் தொடக்கத்தை 1852 வரை கொண்டுபோகிறது. பஞ்சாலைப் பணத்தில் பீளமேட்டில் கல்லூரிகள் எழுந்தன. பொள்ளாச்சிக்கு 1957இல் என்.ஜி.எம். வந்தது, கோபிக்கு 1968இல் கலைக் கல்லூரி வந்தது. 1982இல் மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு, தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களெல்லாம் தோப்புக்குப் பக்கத்தில் கல்லூரியும் வைக்க ஆரம்பித்தார்கள். நம் நாயகர் படிப்பது அப்படி ஒன்றில். மூன்று மாடிக் கட்டடம், கல்லூரிப் பேருந்துகள், ஒரு கேன்டீன். மைதானத்தின் ஒரு மூலையில் யாரோ தேங்காய் மட்டை காயப்போட்டிருப்பார்கள்.

பெரிய கல்லூரியில் கபடிக்கு ஓர் ஆள், பேச்சுக்கு ஓர் ஆள், நடனத்துக்கு ஒரு கூட்டம் என்று வைத்திருப்பார்கள். சின்னக் கல்லூரிக்கு அது கட்டுபடியாகாது. கிடைத்த ஒரே ஆளை எல்லாவற்றுக்கும் அனுப்புவார்கள். ஆகவே நம்மவர்தான் கபடி அணியின் கேப்டன். அவரே தமிழ் மன்றச் செயலாளர். பூப்பந்தில் ஒரு கை குறைந்தால் அவர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மைக் பிடிப்பவரும் அவர். இளைஞர் விழாவில் வள்ளி கும்மிக்கு ஆள் போதவில்லை என்றால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் அடி தப்பித் தப்பி ஆடுபவரும் அவரேதான்.

ஓ.டி. படிவத்தில் நான்கு கையெழுத்து வேண்டும்: பி.டி. சார், வகுப்பு ஆசிரியர், துறைத்தலைவர், முதல்வர். ஒவ்வொருவரும், "மொதல்ல அவர்கிட்ட வாங்கீட்டு வா" என்று அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். முதல் வருடம் இதில் அலைந்து நொந்தவர், மூன்றாம் வருடத்தில் இதற்கு ஒரு சாத்திரமே வகுத்துவிட்டார். சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது துறைத்தலைவர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். சாப்பிட்டு வந்துவிட்டால் எதை நீட்டினாலும் படித்துப் பார்ப்பார். முதல்வர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அலுவலக அக்காவின் முகம் பார்த்தே உள்ளே என்ன தட்பவெப்பம் என்று நம்மவர் சொல்லிவிடுவார். "இன்னிக்கு வேண்டாம் கண்ணு, ஆடிட்டர் வந்திருக்காரு" என்று அக்காவே தடுத்தாட்கொண்ட நாட்களும் உண்டு.

புள்ளியியலில் அவருக்கு இரண்டு அரியர். ஆனால் வருகைக் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. பருவத்துக்கு 90 வேலைநாள். 75 விழுக்காடு என்றால் அறுபத்தேழரை நாள். ஆகவே இருபத்திரண்டரை நாள் தாராளமாக வராமல் இருக்கலாம். 75க்குக் கீழே போய்விட்டாலும் 65 வரைக்கும் பணம் கட்டிப் பரீட்சை எழுத வழி உண்டு. கண்டோனேஷன் என்ற இந்தச் சொல்லை ஆங்கிலப் பாடத்தில் கேட்டால் எழுத்துப்பிழையோடு எழுதுவார். அலுவலகக் கவுன்டரில் பிசிறில்லாமல் உச்சரிப்பார். இருபத்திரண்டரையில் வரும் அந்த அரை நாளை முழு நாளாகக் கணக்கிடுவதா, விட்டுவிடுவதா என்று வகுப்பு ஆசிரியரோடு அவர் நடத்திய வாதத்தைப் போட்டியில் நடத்தியிருந்தால் கேடயமே கிடைத்திருக்கும்.

கபடியும் பேச்சும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்று பலருக்கு வியப்பு. எனக்கு அதில் வியப்பில்லை. வாய் ஓய்ந்தால் ஆள் அவுட் என்று விதி வைத்திருக்கும் ஆட்டம் கபடி ஒன்றுதானே! முப்பது விநாடி மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு எதிரி எல்லைக்குள் போய், கிடைத்ததைத் தொட்டுவிட்டு, மாட்டிக்கொள்வதற்குள் திரும்பி வருபவர்களைப் பட்டிமன்ற மேடைகளிலும் நிறையப் பார்க்கிறோம். நம்மவருக்கு மேடையிலும் போனஸ் கோட்டைத் தொடும் பழக்கம்தான். தலைப்பை ஒரு கால் நீட்டித் தொடுவார், சட்டென்று தம் இடத்துக்குத் திரும்பிவிடுவார்.

களத்தில் அவர் ஆடுவதைப் பார்க்கவேண்டும். பொங்கலுக்குப் பொங்கல் டியூப் லைட் வெளிச்சத்தில் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர். கல்லூரிப் போட்டியோ மேட் விரிப்பில் நடக்கும், ஷூ போடவேண்டும். களத்தில் இறங்குவது ஏழு பேர், ஷூ ஐந்து ஜோடி. மீதியைத் தோற்ற அணியிடம், "அண்ணா, ஒரு மேட்ச்சுக்குங்கண்ணா" என்று இரவல் வாங்குவார்கள். ஆட்டத்திலும் கொங்கு மரியாதை குறையாது. ஏறி வந்தவரின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்து, மேலே நான்கு பேர் விழுந்து அமுக்கி, பாயின்ட் வாங்கிய பிறகு கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "அடி கிடி படலீங்களேண்ணா?" என்று கேட்பார்.

அவருடைய பலவீனம் நடுவர். ஒருமுறை எதிரணிக்கு போனஸ் கொடுத்துவிட்டார்கள். கபடி நடுவரும் பட்டிமன்ற நடுவரும் ஒரே சாதி என்று நினைத்துக்கொண்ட நம்மவர், அவர் முன்னால் போய் நின்று, "சார், இதுல மூணு விசயத்தை நீங்க ரோசனை பண்ணோணுங்க" என்று தொடங்கினார். முதல் விசயம் முடிவதற்குள் பச்சை அட்டை வந்துவிட்டது.

இத்தனையும் எதற்காக? ஃபார்ம் 3க்காக. விளையாட்டுச் சான்றிதழ்களில் சர்வதேசத்துக்கு ஃபார்ம் 1, தேசிய அளவுக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3. மண்டலப் போட்டியில் கண்ணில் பட்டு, தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்து, பாரதியார் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்துத் தென்மண்டலப் போட்டிக்குப் போய்விட்டால், அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டு வரிசையில் கடைசியிலாவது நிற்கலாம். காந்திபுரத்தில் 70ஆம் நம்பர் பஸ் ஏறி மருதமலைப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொள்வார், அந்தக் காகிதம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி.

கபடி அவருடைய காதல் என்றால், பேச்சு அவருடைய கைச்செலவு. தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி வைக்கிறது: முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. செப்டம்பரில் அண்ணாவும் பெரியாரும், அக்டோபரில் காந்தியார், நவம்பரில் நேரு. நம்மவரிடம் இருப்பது ஒரே பேச்சு. அதில் ஐந்து நிமிடத்துக்குப் போதுமான உருக்கம், வீரம், இரண்டு கைதட்டல் இடம் எல்லாம் முன்கூட்டியே பொருத்தியாகிவிட்டது. பெயரை மாற்றினால் போதும்.

"எளிய குடும்பத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் படித்து..." என்று பேச்சு தொடங்கும். காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவுக்கு அது எடுபட்டுவிட்டது. இரண்டே நாள் கழித்துப் பெரியார். ஈரோட்டுக் கடைவீதியில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவரைக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்காரவைத்தார். நடுவராக வந்திருந்த பேராசிரியருக்குச் சொந்த ஊர் ஈரோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நவம்பரில் அதே விளக்கு அலகாபாத்தில் மோதிலால் நேருவின் ஆனந்த பவனத்துக்குள் நுழைந்தபோது, நடுவர்கள் மூவரும் ஒட்டுக்கா நிமிர்ந்து பார்த்தார்கள். நம்மவர் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் ஏற்றினார்.

தலைப்பு எதுவானாலும் முடிவுரைக்கு இரண்டு அம்பு வைத்திருக்கிறார். ஒன்று, கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. மற்றது, 1921இல் பாரதி பேசிய ஈரோடு கருங்கல்பாளையம் நூலகம். 'சமூக ஊடகம் வரமா, சாபமா?' என்றாலும் செக்கு வரும். 'நெகிழி ஒழிப்பில் இளைஞர் பங்கு' என்றாலும் கருங்கல்பாளையம் வரும். "மனிதனுக்கு மரணமில்லை என்று பேசிவிட்டுப் போனவர், சில வாரங்களில்..." என்று அவர் குரல் தழுதழுக்கும் இடத்தில் எச்சரிக்கை மணி அடிப்பவரும் ஒரு கணம் கையை நிறுத்திவிடுவார். உண்மையைச் சொல்வதென்றால், அந்த இடத்தில் எனக்கும் தொண்டை கொஞ்சம் அடைக்கத்தான் செய்தது. நெகிழிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மேடையில் ழகரம், ளகரம் எல்லாம் அதனதன் இடத்தில் கச்சிதமாக நிற்கும். மைக்கை விட்டு ஓரடி நகர்ந்ததும், "ஏனுங் சார், டோக்கன் எங்கீங்க குடுக்கறாங்க?" என்று சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவார். எந்தக் கல்லூரியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், எந்தக் கல்லூரியில் இலை போட்டு அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் என்பதற்கு அவரிடம் துல்லியமான வரைபடம் உண்டு. பின்னதில் போட்டி என்றால், தலைப்பே தெரியாமல் பெயர் கொடுத்துவிடுவார்.

மேடையில் அவர் அஞ்சுவது கிருஷ்ணம்மாள் கல்லூரிப் பெண்களுக்கும் அவினாசிலிங்கத்துப் பெண்களுக்கும்தான். அவர்கள் தலைப்புக்குள்ளேயே பேசுவார்கள். குறிப்பு வைத்திருப்பார்கள், ஆண்டு சொல்வார்கள், நடுவில் செக்கை இழுக்கமாட்டார்கள். போதாக்குறைக்கு அவருடைய வகுப்பிலேயே ஒரு மாணவி இருக்கிறார். நம்மவரைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் நாலே காலுக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்கவேண்டும், வெளியூர்ப் போட்டிக்கு வீட்டில் விடமாட்டார்கள். ஆகவே அவருக்கு வருகை 96 விழுக்காடு, கேடயம் ஒன்றுமில்லை. நம்மவர் தேறிய பாடங்களெல்லாம் அவருடைய நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தேறியவைதான். இதை எந்த மேடையிலும் நம்மவர் சொன்னதில்லை. கேன்டீனில் ஒருமுறை சொன்னார், தேங்காய் பன் வாங்கிக்கொடுத்து.

இந்த வருடம் கல்லூரி அணி மண்டலப் போட்டியில் இரண்டாமிடம் வந்தது. நிர்வாகம் அசந்துபோய், நுழைவாயிலில் பன்னிரண்டடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டது. 'எமது கல்லூரியின் பெருமை' என்ற வரிக்குக் கீழே நம்மவர் கோப்பையோடு சிரிக்கிறார். அதே வாரம் துறை அறிவிப்புப் பலகையில் வருகை குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். ஓ.டி.க்கும் ஓர் எல்லை உண்டே, முதல் பெயரும் அவருடையதுதான். ஃபிளெக்ஸிலிருந்து பலகைக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும்.

பட்டியலில் இருப்பவர்கள் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அப்பா தறிக்குப் போய்விட்டார். அம்மா காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸில் ஏறி வந்தார். அன்றைக்குப் பார்த்து மகன் திருப்பூரில் ஒரு போட்டிக்குப் போயிருந்தார். துறைத்தலைவர் எழுந்து நாற்காலி போடச் சொன்னார்.

"ஏனுங் சார், பையன் ஒழுங்காப் படிக்கறானுங்களா?"

"படிக்கறது இருக்கட்டுங்கம்மா, கிளாசுக்கே வர்றதில்லீங்க."

"இதென்னுங் அநியாயம்! ஊட்டுக்கும் வர்றதில்லீங். போன் பண்ணுனா காலேசுல ஒரே வேலைங்கறான். அப்பறம் எங்கதானுங் இருக்கறான்?"

துறைத்தலைவர் வருகைப் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார். பக்கம் முச்சூடும் ஒரே எழுத்து.

"ஓ.டி.ல இருக்கறானுங்கம்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அதெந்தப் பக்கமுங், சத்திக்கு அக்கட்டாலயா?"