நீள் இடைவெளிக்குப் பின்னரான குறுந்தூர ட்ரயத்லன்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

குறுந்தூர ட்ரயத்லன் என்பது 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 5 கிலோமீற்றர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டியாகும். 1974 இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் தொடங்கிய ட்ரயத்லன், 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இதன் இருமடங்குத் தூரத்துடன் இடம்பெற்றது. நீள் இடைவெளி என்பதற்கு இத்தனை தெளிவான வரைவிலக்கணம் இல்லை. உடற்றொழிலியலின்படி, பயிற்சியை விட்ட சில வாரங்களிலேயே குருதித் திரவவிழையம் குறைந்து, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் இறங்கத் தொடங்குகிறது. குடாநாட்டு வழக்கிலோ கலியாணத்திலிருந்து பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் வரையான காலம் ‘கொஞ்ச நாள்’ எனப்படும்.

இத்துறையின் தோற்றம் 1974 என ஒப்புக்கொள்வது தமிழாய்வு மரபுக்கு உகந்ததன்று. கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் ஐதிகத்தில், நீராடலில் நீச்சலுக்குப் புறச்சான்றும் குதிரைமுகத்தில் ஓட்டத்துக்கு அகச்சான்றும் கிடைக்கின்றன. சைக்கிள் மட்டும் இன்னும் அகழ்ந்தெடுக்கப்படவில்லை. எடுத்தபின் அதன் காலத்தை இருநூறு ஆண்டு முன்தள்ளுவதா, ஐந்நூறு ஆண்டு முன்தள்ளுவதா என்பது பற்றி அறிஞர்கள் இப்போதே ஒருவரோடொருவர் கதைப்பதில்லை.

முதலாவது கூறு நீச்சல். சுண்ணக்கல் நிலமான குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது; பெய்யும் மழை நிலத்துள் இறங்கிக் கிணறாகிவிடுகிறது. எனவே நீச்சற் பயிற்சிக்குக் கேணியும் கடலுமே கதி. காரைநகர்க் கசூரினாக் கடற்கரை கரையிலிருந்து வெகுதூரம் ஆழமற்றது. மேலே கை வீசிக்கொண்டு அடியில் நடந்துபோகும் கலப்பு நடை இங்கு எளிதிற் கைகூடும். கால் ஊன்றி இளைப்பாறுவதைப் போட்டி விதிகளும் தடுப்பதில்லை. 1954 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாற்று நவரத்தினசாமியும், 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பி 51 மணிநேரம் நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தனும் இம்மண்ணினர். 750 மீற்றரில் மூச்சுவாங்கும் அனைவரும் இவ்விருவரில் ஒருவருக்கு உறவினர் என்பது ஆய்விற் பெறப்படும் முடிவு. தாய்வழியா, தந்தைவழியா என வினவுமிடத்து மூச்சு மேலும் வாங்குகிறது.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் இடைப்பட்ட உடைமாற்றம்: சாரம் தவிர்க்கத்தக்கது.

இரண்டாவது கூறாகிய சைக்கிளோட்டமே இவ்வாய்வின் முதுகெலும்பு. குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் இல்லை. அக்குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. தென்மேற்கிலிருந்து சோளகமும் வடகிழக்கிலிருந்து வாடையும் முறைவைத்து வீச, இருபுறமும் நீர் சூழ்ந்த பண்ணைத் தாம்போதியில் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று என்பது பரவலான நம்பிக்கை. இது காற்றின் பிழையா, வயதின் பிழையா என்பது தனி நூலுக்குரியது.

இங்கு விரித்துரைக்க வேண்டியது டைனமோச் சிக்கலாகும். 1990 க்குப் பின் போரினால் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லைச் சுழலவிட்டு, டைனமோ தரும் 6 வோல்ற்று ஆடலோட்டத்தை இருவாயி கொண்டு நேராக்கி வானொலிக்குக் கொடுத்தார்கள். ஒருவர் உழக்க, சுற்றிவர இருந்து வீடும் அயலும் செய்தி கேட்டன. கால் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்தது. மிக முக்கியமான வசனத்தில்தான் அது தளரும். “தம்பி, உழக்கடா! செய்தி படுக்குது” என்ற அதட்டல் அக்காலத்தின் பயிற்றுநர் குரல்.

அன்று அசையாத சைக்கிளை உழக்கியவர் இன்று போட்டிக்கு வரும்போது, அவரது இடைவெளியை எந்தத் திகதியிலிருந்து கணக்கிடுவது? மதவடிச் சிந்தனைப் பள்ளியினர் சில்லு சுழன்றதையே தூரமாகக் கொள்வர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகம் எனின் அரைமணிச் செய்திக்கு ஏழரைக் கிலோமீற்றர். மூன்று செய்தியறிக்கை கேட்பித்தவர் போட்டித் தூரத்தை இரண்டரைக் கிலோமீற்றரால் விஞ்சியவர் (காண்க: மதவடி, மேற்குக் கட்டு, மாலை ஐந்தரைப் பதிப்பு). வாசிகசாலைப் பள்ளியினர் இதை ஏற்பதில்லை. ரயர் நிலத்தைத் தொடவில்லை, காற்று முகத்தில் அடிக்கவில்லை, நாய் துரத்தவில்லை; ஆகவே அது பயணமன்று, ஒலிபரப்பே என்பர் (காண்க: வாசிகசாலை, இடப்பக்க வாங்கு, சுவரோர மூலை, திருத்திய பதிப்பு; மறுப்பு: அதே வாங்கு, மறுமூலை; மறுப்புக்கு மறுப்பு: வாங்கின் கால் முறிந்தபின் நின்றவாறு நிகழ்த்தப்பெற்றது, அச்சேறவில்லை). உழக்காமற் செய்தி மட்டும் கேட்டவர்களும் பயிற்சி பெற்றவர்களே எனும் மூன்றாம் பள்ளி ஒன்றுண்டு. உறுப்பினர் தொகையில் இதுவே பெரிது.

உடற்றொழிலியல் மூன்றையும் தள்ளுபடி செய்கிறது. சைக்கிளிற் சமநிலை பேணும் பழக்கம் பல்லாண்டு நிற்கும். இதயமும் நுரையீரலும் பெற்ற பயிற்சி அவ்வாறு நிற்பதில்லை. நீண்ட இடைவெளியாற் கேடுறாத இனம் ஆய்வாளர் இனம் ஒன்றே. பதினைந்து ஆண்டு ஒரு வரி எழுதாதவரும் பழைய கட்டுரைக்கு ‘ஒரு மீள்வாசிப்பு’ என வால் வைத்து மாநாட்டின் முன்வரிசையில் வந்து அமர்வர். மூச்சும் வாங்குவதில்லை.

மூன்றாவது கூறு ஓட்டம். சைக்கிளில் வட்டமாகச் சுழன்ற கால்கள் இறங்கியதும் ஓட்டத்துக்கு உடனே இணங்குவதில்லை. தொடக்கத்தில் அவை வேறொருவருடையவை போலக் கனக்கும். பயிற்சிக் காலத்திலேயே சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் சிறிது தூரம் ஓடிப் பழகுவதே இதற்கு மருந்து. ஒழுங்கை நாய்கள் இதில் இலவசமாக உதவும்.

டைனமோச் சிக்கலுக்கு முதல்நிலைச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. அக்காலத்தில் உழக்கிய தூரத்தைக் கொப்பியில் எழுதிவைத்தோர் எவரேனும் இருப்பின், அதனை அண்மையிலுள்ள வாசிகசாலையில் ஒப்படைக்குமாறு வேண்டப்படுகின்றனர். மாலை ஐந்தரைக்கு முன்னர் வருவது நல்லது.