சிலந்தி மேல் பழி போடாதீர்கள்!

கே: கன்னத்தில் சின்னச் சிவப்புப் புள்ளி, சுற்றிலும் நூல் நூலாகக் கால்கள். ராத்திரி சிலந்தி கடித்திருக்கும் என்கிறார் மாமியார். நிஜமா?
– வாசகி, மன்னார்குடி

ப: அபாண்டம்! பூச்சிக்கடி என்றால் அரிக்கும், வீங்கும், சில நாளில் வற்றிவிடும். இது அரிக்காது, வலிக்காது, வாரக்கணக்கில் அசையாது. டாக்டர்கள் இதை 'ஸ்பைடர் ஆஞ்சியோமா' என்பார்கள். தோலின் அடியிலிருந்து மேலே வரும் குட்டித் தமனி ஒன்றைச் சுற்றியுள்ள தசை வளையம் தளர்ந்து, குழாய் விரிந்துவிடுகிறது. அதுதான் நடுப்புள்ளி. அதிலிருந்து கிளம்பும் நுண்நாளங்களில் ரத்தம் நிறைவதால் கால்கள்.

கே: வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், தென்காசி

ப: நல்ல வெளிச்சத்தில், மூடிய பேனா முனையால் நடுப்புள்ளியை மட்டும் மெல்ல அழுத்துங்கள். மெயின் வால்வை மூடினால் தெருக்குழாய்கள் வறண்டுபோவது போலக் கால்கள் மறையும். எடுத்ததும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிவப்பு ஓடும். மாநிறத்திலும் கறுப்பிலும் சட்டென்று கண்ணில் படாது. பொறுமை தேவை.

கே: என் தொடையில் நீலமாக நரம்பு வலை. இதுவும் அதுதானா?
– வாசகி, ஈரோடு

ப: இல்லை. அது சிரைகளின் வேலை. நம் ஆள் தமனிக் கட்சி. முகம், கழுத்து, மேல்மார்பு, கைகள்தான் அவர் தொகுதி. இடுப்புக்குக் கீழே வருவது அபூர்வம்.

கே: ஐந்தாவது மாதம். கழுத்தில் இரண்டு வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

ப: கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறும், ரத்தக்குழாய் விரியும். உள்ளங்கைகூடச் சிவக்கலாம். குழந்தை பிறந்த சில மாதங்களில் பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கே: என் அண்ணன் மார்பில் பத்துப் பதினைந்து இருக்கிறது. தினமும் 'கட்டிங்' உண்டு. காலையில் கீழாநெல்லி குடிக்கிறார், போதாதா?
– வாசகர், கடலூர்

ப: காலையில் கீழாநெல்லி, மாலையில் கட்டிங் என்றால் ஈரல் யார் பேச்சைக் கேட்கும்? ஆணுக்கும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அதைக் கழித்துக் கட்டும் வேலை ஈரலுடையது. ஈரல் சுருங்கிக் கெட்டிப்பட்டால் ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் மிஞ்சும். தோலில் சிலந்திகள் பெருகும். உடனே லிவர் டெஸ்ட், ஸ்கேன். குடிக்காதவருக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளால் இந்த நிலை வரலாம்.

கே: ஏழு வயதுப் பையனுக்குப் புறங்கையில் ஒன்று. கிள்ளி எடுத்துவிடலாமா?
– வாசகர், ராஜபாளையம்

ப: கையை எடுங்கள்! தமனி சார், ரத்தம் பீறிடும். ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் இது சகஜம். பல சமயம் தானே போய்விடும். அழகுக்காக நீக்க லேசர் உண்டு. ஆனால் திரும்பவும் வரலாம்.

கே: இதற்கெல்லாமா ஆராய்ச்சி செய்வார்கள்?
– வாசகர், சேலம்

ப: அமெரிக்க டாக்டர் வில்லியம் பீன் இதற்காக 1958-இல் தனிப் புத்தகமே போட்டார். தன் நகம் வளர்வதை 35 வருஷம் அளந்த மனிதருக்கு இது எம்மாத்திரம்!

கே: எத்தனை இருந்தால் கவலைப்பட வேண்டும்?
– வாசகி, மதுரை

ப: ஒன்றிரண்டு என்றால் கண்ணாடிக்கு மட்டும் கவலை. மூன்றைத் தாண்டினாலோ, திடீரென்று பெருகினாலோ, கண் மஞ்சளானாலோ, வயிறு உப்பினாலோ க்ரீம் வாங்க ஓடாதீர்கள். ஈரலைப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள்.