பேரன் கிரேடர் ஆயிட்டான்!

வாடா பேராண்டி. கண் ஆஸ்பத்திரியில படம் பாத்து மார்க் போடுற வேலையாமே? உங்க பாட்டி திருவளர்ச்சோலை முழுக்கச் சொல்லிட்டா, பேரன் டாக்டருங்களுக்கே மார்க் போடுறான்னு. நானும் மறுக்கல. வீட்டுல நிம்மதி வேணுமில்ல.

சீனியருங்க உன்னை மெச்சணும்னா ஒரு குறுக்குவழி சொல்றேன். பக்கத்து சீட்டுக்காரன் என்ன நம்பர் எழுதறான்னு எட்டிப் பாத்து அதையே எழுது. மாசக் கடைசியில "ரெண்டு பேரும் நூத்துக்கு நூறு ஒத்துப்போறாங்க"ன்னு கேக் வெட்டுவாங்க. எட்டிப் பாக்கக் கூச்சமா இருந்தா கண்ணை மூடிக்க. நூறு படத்துல 90க்கு நார்மல், 10க்கு நோய்னு இஷ்டத்துக்கு வாரி இறை. அவனும் அப்படியே இறைச்சா, சராசரியா 82 படத்துல ஒத்துப்போவீங்க. நார்மல்ல 81, நோயில 1. ஒரு படத்தைக்கூடப் பாக்காம பாஸ் மார்க்கு!

இந்தத் திருட்டைப் பிடிக்கத்தான் ஜேக்கப் கோஹன்னு ஒரு அமெரிக்க மனோதத்துவக்காரர் 1960ல கப்பான்னு ஒரு கணக்கு போட்டாரு. தற்செயலா வர்ற 82ஐத் தள்ளிட்டு மிச்சம் 18ல எவ்வளவு சம்பாதிச்சேன்னு கேப்பாரு மனுஷன். நீங்க 91 படத்துல ஒத்துப்போனீங்கன்னு வை, 18க்கு 9, அதாவது 0.5தான். கேக்கைத் திருப்பிக் குடுக்க வேண்டியதுதான்.

சரி, நீ மார்க் போடுற கப்-டிஸ்க் ரேஷியோ விவகாரத்துக்கு வா. கண்ணுக்குப் பின்னால நரம்பு நுழையற இடம் வட்டமாத் தெரியுதே, அது டிஸ்க். அதுக்கு நடுவுல வெளுத்த குழி, அது கப். குழியோட உயரத்தை வட்டத்தோட உயரத்தால வகுத்தா வேலை முடிஞ்சுது. சுளுவுதான், குழி எங்க முடியுதுன்னு கேக்காத வரைக்கும். ஒருத்தன் வெளுப்பு முடியற இடத்துல கோடு போடுவான். இன்னொருத்தன், "கலரை நம்பாதே, சின்ன ரத்தக்குழாய் எங்க மடங்குதோ அதான் விளிம்பு"ம்பான். இவன் சொல்றதுதான் பாடம். ஆனா ஒத்தைப் படத்துல ஆழம் எங்க தெரியுது? புரை இருந்துட்டா படமே கலங்கல்.

காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில நான் பாக்காத சண்டையா? ஒரே பூவன் தாரை ஒரு தரகர் பத்து சீப்பும்பாரு, இன்னொருத்தர் ஒன்பதும்பாரு. எண்ணத் தெரியாதவங்களா அவங்க? அந்த நுனிச் சீப்பு சீப்பா, சோடையாங்கறதுலதான் தகராறு.

தேர்ந்த டாக்டருங்களுக்குள்ளயே இந்த ரேஷியோவுல 0.2 வித்தியாசம் சகஜமாம். இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு ஆளோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 0.2 வித்தியாசம் இருந்தா, கண் நரம்பு கெடற கிளாக்கோமாவான்னு சந்தேகப்படணுமாம். ரெண்டு டாக்டருக்கும் நடுவுல 0.2 இருந்தா அதுக்கு என்ன நோய்னு பேரு வைக்கறது? ஆனா சிரிச்சு விட்டுட முடியாது. கிளாக்கோமாவுல போன பார்வை திரும்பாது.

கூகுள்காரன் சர்க்கரை நோய்க் கண்ணைக் கண்டுபிடிக்க மிஷினுக்குப் பாடம் எடுத்தானே, 2016ல வந்த ஆராய்ச்சி, அதுல நம்ம அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா படங்களும் இருந்துச்சு. மிஷின் படிச்ச படம் 1,28,175. பாத்து மார்க் போட்டவங்க 54 பேரு. ஒவ்வொரு படத்தையும் மூணுலேர்ந்து ஏழு பேர் பாத்தாங்க. அவங்களுக்கு என்ன, வேலையில்லையா? ஒத்தை ஆளை நம்பினா மிஷினும் அவன் கோணலையே கத்துக்கும், அதான். ரெண்டு வருஷம் கழிச்சு விழித்திரை நிபுணருங்க மூணு பேர் பேசி முடிவெடுத்துப் பாத்தப்போ, மத்தவங்க அதிகமா விட்டுட்டது மைக்ரோ அனீரிசமாம். ரத்தக்குழாய் புடைச்ச பொடிச் செவப்புப் புள்ளி. லென்சுல தூசி ஒட்டினாலும் படத்துல புள்ளிதான், பாத்துக்க.

நம்ம பக்கத்துல ரெண்டாவது ஆளைக் கேக்காம முடிஞ்சது ஒரே ஒரு கேஸு. உறையூர் மல்லர் உறங்காவில்லி தாசர், பொஞ்சாதி பொன்னாச்சியோட கண்ணழகுல சொக்கி, வெயில் படாம குடை பிடிச்சுக்கிட்டே போனவரு. ராமானுஜர் அவரை ஸ்ரீரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் ரங்கநாதர் கண்ணைக் காட்டினாரு. அந்த நிமிஷமே கிரேடிங் முடிஞ்சுது. உன் பக்கத்து சீட்டுல ராமானுஜர் இல்ல, அதனால ரெண்டு பேரு வேணும்.

மிஷின் யோக்கியம்னும் நினைச்சுடாதே. விழித்திரையோட தடிமனை அளக்கற ஓசிடி ஸ்கேன்ல பழைய ஸ்ட்ராட்டஸ் மிஷின் ஒரு அடுக்கு வரைக்கும் அளந்துச்சு, ஸ்பெக்ட்ராலிஸ் மிஷின் இன்னும் கீழ போய் அளக்குது. ஒரே கண்ணுக்கு அறுபது எழுபது மைக்ரான் கூடக் காட்டும். விவரம் தெரியாதவன் கண்ணு வீங்கிடுச்சுன்னு அழுவான். மாறினது மிஷின்.

இன்னொரு பித்தலாட்டம் கேளு. எல்லாக் கண்ணுக்கும் சீனியரை விட 0.2 கூட்டியே போட்டுக்கிட்டு வா. ரெண்டு பேரு நம்பரும் சேர்ந்து ஏறி இறங்குதான்னு பாக்கற கோரிலேஷன் கச்சிதமா 1னு வரும், ஒரு நம்பர்கூட ஒத்துப்போகாது! பிளாண்டும் ஆல்ட்மனும் 1986லயே லான்செட்ல இதைத்தான் எழுதினாங்க: ரெண்டு பேரு நம்பருக்கும் உள்ள வித்தியாசத்தை வரைஞ்சு பாருங்கடான்னு. இன்னமும் ஆய்வுக் கட்டுரையில கோரிலேஷனைக் காட்டி மீசை முறுக்கறவங்க இருக்காங்க.

1934லேர்ந்து ஜோசப் கண் ஆஸ்பத்திரி இருக்கற ஊருடா இது. கண்ணு விஷயத்துல திருச்சி சனங்க லேசுல ஏமாறாது. அதனால உன் நம்பரை எழுதி மூடி வை. கொஞ்ச நாள் கழிச்சு அதே படங்களைப் பேர் மறைச்சு, வரிசை மாத்தி, உங்கிட்டயே குடுக்கச் சொல்லு. உன்னோட நீயே ஒத்துப்போறியான்னு முதல்ல பாரு, பக்கத்து சீட்டுக்காரன் அப்புறம்.

ஒரு நாளு என் கண்ணுப் படமும் உன் மேஜைக்கு வரும். தாத்தாவாச்சேன்னு, நார்மல்னு காட்ட 0.3 போட்டுத் தொலைக்காதே. பேரை மறைச்சு வேற ரெண்டு பேருகிட்ட குடு, போன தடவை எடுத்த படத்தையும் கூட வச்சுக் குடு.