எட்டுப் பெட்டியும் ஒரு சாரமும்

மோனை, நீ போன வருசம் கிரேக்கத்துத் தீவுகளுக்குப் போன படங்களைக் கொம்மா வட்சப்பிலை அனுப்பினவ. சந்தொரினியிலை வெள்ளைச் சுவருக்கு முன்னாலை நிக்கிறாய். கிரீட் தீவிலை கடற்கரையிலை படுத்துக் கிடக்கிறாய். மூண்டு கிழமை. எல்லாப் படத்திலையும் அதே நீலச் சேட்டு, முதுகிலை ஒரேயொரு பை. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. எங்கடை பரம்பரையிலையும் ஒரு சந்நியாசி பிறந்திட்டான் எண்டு குஞ்சியாச்சியிட்டைச் சொன்னனான்.

இப்ப ஆடியிலை புங்குடுதீவுக்கு வாறியாம். நாலு பேர், ஆளுக்கு 23 கிலோப்படி ரண்டு பெட்டி. கூட்டிப் பாத்தன், 184 கிலோ. கைப்பொதி வேறை. கட்டுநாயக்காவிலை இருந்து வர ஒரு ஹையேஸ் காணுமோ எண்டு கேட்டிருக்கிறாய். லொறி பிடி மோனை. பெட்டியள் பின்னாலை வசதியா வரட்டும், நீங்கள் எங்கையாவது தொங்கிக்கொண்டு வரலாம்.

எனக்கு ஒரு சந்தேகம். அதுவும் தீவு, இதுவும் தீவு. அங்கையும் வெயில், இஞ்சையும் வெயில். உப்புக்காத்தும் ஒண்டுதான். பிறகேன் அங்கை ஒரு பை காணும், இஞ்சை எட்டுப் பெட்டி காணாது? திண்ணையிலை இருந்து கனநேரம் யோசிச்சுத்தான் பிடிபட்டுது. கிரேக்கனுக்கு நீ ஆரெண்டு தெரியாது. ஒரே சேட்டோடை ஒரு மாசம் திரிஞ்சாலும் அவன் கேக்கமாட்டான். இஞ்சை படலையடியிலை நிண்டு பாக்கிற சனம் கேக்கும். நேற்றுப் போட்ட சேட்டை இண்டைக்கும் போட்டியெண்டால், 'பெடியனுக்குக் கனடாவிலை வேலை போட்டுதாம்' எண்ட கதை பொழுது படமுன்னம் குறிகட்டுவானுக்குப் போய்ச் சேந்திடும். ஆக, அந்த எட்டிலை ஆறு பெட்டி ஊராற்றை வாய்க்கு. மிச்சம் ரண்டுதான் உங்கடை உடம்புக்கு.

சரி, அந்த ஆறையும் திறந்து பாப்பம்.

நல்லூர்த் திருவிழா 25 நாள் எண்டு பட்டுச் சேட்டாய் அடுக்கிறியாம். நல்லூரான் வாசலிலை ஆம்பிளையள் மேல்சட்டையைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கை போகவேணும். மந்திரி வந்தாலும் அதுதான். ஒரு ரூபாய்க்கு அர்ச்சனைச் சீட்டுக் குடுக்கிற கோயில் அது. உன்ரை சேட்டின்ரை விலையை அங்கை ஆர் கேக்கப் போகினம்? சுருட்டிக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு வீதி சுத்தப் போறாய். அதுக்கு 25 சேட்டோ?

உன்ரை மனுசி தலைமயிர் காயவைக்கிற மெசினும் வைச்சிருக்கிறாவாம். உங்கை கறண்ட் 120 வோல்ட், இஞ்சை 230. செருகின உடனை மயிரும் மெசினும் சேந்து மணக்கும். ஆடியிலை அடிக்கிற சோளகத்துக்கு முத்தத்திலை கொஞ்சநேரம் நிக்கச் சொல்லு, சும்மா காயும். மழைக்கோட்டும் குடையும் வேறை வருகுதாம். ஆடியிலை எங்கடை பக்கம் மழையைக் கண்டால் எனக்கும் அறிவி, பாக்க ஆசையா இருக்கு. சோளகத்திலை குடையை விரிச்சியெண்டால் அது உன்னைத் தூக்கி வேலணையிலை இறக்கும். வாணர் பாலத்தைக் கடக்கிற பஸ் காசு மிச்சம்.

ஆறு போத்தில் சாம்பு எதுக்கு? எங்கடை கிணத்துத் தண்ணி சவர். அதிலை நுரை வரமுன்னம் உனக்குக் கோபம் வரும். குஞ்சியாச்சியிட்டை அரப்பு இருக்கு, வைச்சு முழுகு. சொக்கிலேற்று ஒரு பெட்டி நிறையவாம். வவுனியா தாண்டேக்கையே அது பாணியாய்ப் போடும். போன முறை ஒருத்தர் அன்பாய்க் கொண்டுவந்து தந்ததை நாங்கள் கரண்டியாலை குடிச்சு முடிச்சனாங்கள். நீங்கள் போட்டுக் கழிச்ச உடுப்பு இருக்கே, அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. இஞ்சத்தைப் பெடியள் உன்னைவிட வடிவாய் ஜீன்ஸ் போடுறாங்கள், வந்து பார்.

எட்டையும் வீட்டிலை வைச்சுப்போட்டு நயினாதீவு, நெடுந்தீவு போவம் எண்டால், அதுக்கும் ஒரு சில்லுப் பெட்டி வேணுமாம். குறிகட்டுவான் இறங்குதுறையிலை அந்தச் சில்லைப் பாத்துச் சிரிக்க ஆக்கள் இருக்கினம். படகுக்குள்ளை குனிஞ்சு இறங்கவேணும், ஒருத்தன் உன்ரை கையைப் பிடிச்சு இழுப்பான், இன்னொருத்தன் பெட்டியைப் பிடுங்கி மேல்தட்டிலை எறிவான். நயினாதீவு கிட்டத்தான். அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் ஒரு வெள்ளை வேட்டி காணும். நெடுந்தீவெண்டால் ஒரு மணித்தியாலம் ஆடி ஆடிப் போகவேணும். அங்கை இறங்கினால் முருகைக்கல் மதிலும் கட்டாந்தரையும் கட்டாக்காலிக் குதிரையளும். அதுக்குள்ளாலை நீ பெட்டி இழுத்துக்கொண்டு போறதைக் கண்டால் குதிரையே ஒதுங்கி வழி விடும்.

'தீவை விட்டுப் போகாத குஞ்சியப்புவுக்குப் பொதி கட்டிறதைப் பற்றி என்ன தெரியும்?' எண்டு கேட்டனியாம். தெரியும் மோனை. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி நான் யாழ்ப்பாணத்திலை. சண்டை கிட்ட வருகுதெண்டு, பொழுதுபட ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லி இயக்கம் அறிவிச்சுது, அந்த இரவே வலிகாமம் முழுக்கத் தெருவிலை நிண்டுது. லட்சக்கணக்கிலை சனம், மழை, நாவற்குழிப் பாலத்தாலை ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். என்னட்டை ஒரு சைக்கிள். கரியரிலை காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளையளின்ரை பிறப்புப் பத்திரம், ஒரு பானை, ரண்டு சாரம். எனக்கு முன்னாலை ஒரு மனுசன் சுவர் மணிக்கூட்டைக் கழட்டிக் கழுத்திலை மாட்டிக்கொண்டு நடக்கிறார். அது ஓடாத மணிக்கூடு. பொருளாதாரத் தடையிலை யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி விடாத காலமெல்லே. "ஏன் அண்ணை உது?" எண்டு கேட்டன். "வெறுங்கையோடை ஒரு ஊருக்குப் போறது மரியாதையில்லைத் தம்பி" எண்டார். உன்ரை எட்டுப் பெட்டியைக் கேள்விப்பட்ட உடனை எனக்கு அந்த ஆள்தான் ஞாபகம் வந்தார். என்ன, அவற்றை மணிக்கூட்டுக்குச் சில்லு இல்லை.

இனி நான் கட்டிற பொதியைக் கேள். ரண்டு சாரம். ஒண்டைக் கட்டு, மற்றது கொடியிலை. சாரம் எண்டால் விரிப்பு, போர்வை, துவாய், கிணத்தடியிலை மறைப்பு. சின்னவன் நித்திரையெண்டால் வளையிலை கட்டினால் ஏணை. காலமை தோய்ச்சுப் போட்டால் தேத்தண்ணி குடிச்சு முடிய எடுத்துக் கட்டலாம், சோளகம் அப்பிடி. மூண்டு சேட்டு, கோயிலுக்கு ஒரு வேட்டி, ஒரு ரப்பர் செருப்பு. மனுசி தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கட்டும், அதிலை நான் வாய் வைக்கமாட்டன். நுளம்புக்குப் பூசிறது கொஞ்சம், டெங்கு இருக்கு. பிறகு மருந்து. இதிலை பகிடி இல்லை. உன்ரை பிரஷர்க் குளிசையை நிக்கிற நாளுக்கு எண்ணி, நாலு நாளுக்கு மேலதிகமாயும் போட்டு, டொக்டர் எழுதின துண்டோடை கைப்பையிலை வை. பெட்டி வழியிலை எங்கையும் தங்கலாம், குளிசை தங்கக்கூடாது.

மிச்சப் பெட்டியளை வெறுமையாய்க் கொண்டுவா. குஞ்சியாச்சி இப்பவே அடுக்கத் துவங்கிட்டா. வறுத்துத் திரிச்ச மிளகாய்த்தூள், ஒடியல்மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பருத்தித்துறை வடை, கொம்மாவுக்கெண்டு பாரைக் கருவாடு. கருவாட்டை ஏழு பையிலை சுத்தினாலும் ரொறன்ரோ விமான நிலையத்து நாய்க்கு விளங்கும். அது உனக்கும் நாய்க்கும் உள்ள பிரச்சினை. 'ஆளுக்கு 46 கிலோதானோ, கூட விடமாட்டாங்களோ?' எண்டு அவ இப்பவே என்னைப் போட்டுக் குடைஞ்சுகொண்டு இருக்கிறா.

எனக்கு ஒண்டும் வேண்டாம் மோனை. வயசு போட்டுது, ஆசையளை விட்டாச்சு. ஆனால் கட்டுநாயக்காவிலை இறங்கி வெளியிலை வரமுன்னம் வரியில்லாத கடை ஒண்டு இருக்காம். உங்கையிருந்து காவத் தேவையில்லை, பெட்டிக் கணக்கிலையும் ஏறாது. போத்தில் உடையாமல் சுத்திறதுக்கும் சாரம் நல்லது. குஞ்சியாச்சி கேட்டால் இருமல் மருந்து எண்டு சொல்லு.