முதல் பக்கத்துத் தம்பி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முப்பது வயதுக்குள் இருப்பார். தோளில் மடிக்கணினிப் பை, கையில் இரண்டு கைபேசி, சட்டைப் பையில் 'டிஜிட்டல் ஸ்டிராட்டஜிஸ்ட்' என்று அச்சடித்த அட்டை. முதலாளியை அவர் 'பாஸ்' என்பார். முதலாளி அவரைத் 'தம்பி' என்பார். தே தாரிக் வந்து ஒரு வாய் குடிக்கும்வரை பேச்சைத் தொடங்க மாட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாஸ், உங்க கடை கூகுள்ல இல்ல பாஸ்" என்பார். அப்பா காலத்திலிருந்து லெபோ பாசாரில் ஒரே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தாம் இல்லை என்று கேள்விப்படுவது சாதாரண விஷயமல்ல. கையில் இருக்கும் கணக்குப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார். இந்த இடத்தில் முதலாளிமாருக்கு ஓர் ஆறுதல் சொல்லலாம். "உங்கள் தளம் பெரிய தேடுபொறிகளில் தென்படவில்லை" என்ற எச்சரிக்கை மின்னஞ்சல் தங்களுக்கே வருவதாகக் கூகுள்காரர்கள் தங்கள் உதவிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூகுள் கூகுளில் இல்லை என்று கூகுளிடமே சொல்லும் துணிச்சல் உள்ளவருக்கு லெபோ பாசார் ஒரு பொருட்டா?

தேடுபொறியில் கடையை மேலே ஏற்றித் தருவது, அதாவது எஸ்.இ.ஓ., அவருடைய தொழில். பாதிப் பணம் முன்பணம். இரண்டு மாதம் கழித்து நிரூபணம் நடக்கும். தம்பி கடைக்குள்ளேயே உட்கார்ந்து, முதலாளியின் கைபேசியையே வாங்கி, 'புடவைக் கடை' என்று தட்டுவார். முதலாளியின் கடை முதலில் வரும். மீதிப் பணம் கைமாறும். கல்லா மேசையிலிருந்து தேடினால் அந்தக் கடை வராமல் ஈப்போவில் இருக்கும் கடையா வரும்? அக்கம்பக்கக் கடைகளை வரிசைப்படுத்தத் தான் பார்ப்பது மூன்று விஷயங்கள் என்று கூகுள் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடை இருக்கும் தூரம், கடைக்கு வெளியே உள்ள பேர். தூரத்தைக் குறைக்க உலகில் எந்த நிபுணராலும் முடியாது. கைபேசியைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டால் முடியும். தம்பி செய்தது அதைத்தான். அதே கைபேசியோடு ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கித் தட்டிப் பார்க்க முதலாளிக்கு ஏது நேரம்? மாதாமாதம் வரும் அறிக்கையும் இந்த இனம்தான். வண்ணக் கோடுகள் எல்லாம் வலது மேல் மூலையை நோக்கியே போகும். 'மொத்தம் பதினேழு கீவேர்டுகளில் முதலிடம்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அந்தப் பதினேழில் ஒன்று, 'லெபோ பாசார் மூலைக்கடை குழந்தைகள் பட்டுப்பாவாடை மொத்த விலை' என்பதாக இருக்கும். அதை வாழ்நாளில் தேடியவர் ஒருவர்தான். அவர்தான் அறிக்கையையும் எழுதினார்.

இவரை மோசடிக்காரர் என்று ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அது சரியான கணிப்பு ஆகாது. இந்தத் தம்பி தெருவில் தானாக முளைத்தவர் அல்ல. முதலாளிமார் பொறுக்கியெடுத்து வளர்த்தவர். ஒரு கடைக்கு இரண்டு பேர் கோட்டேஷன் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், "பலன் தெரிய நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும், எந்த இடம் கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது" என்கிறார். மற்றவர், "தொண்ணூறு நாள், முதல் பக்கம், கேரண்டி" என்கிறார். முதலாமவர் சொல்வது கூகுளே வெளியிட்டுள்ள கணக்கு. கூகுளில் முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, கூகுளோடு தனி உறவு இருப்பதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்பதும் அதே குறிப்பில் உள்ளதுதான். வேலை யாருக்குக் கிடைக்கிறது? உண்மை சொன்னவர் தே ஓ கூடக் குடிக்காமல் வெளியேறுகிறார். இப்படி நாலு கடையில் நடந்தால் அவரும் ஐந்தாவது கடையில் 'கேரண்டி' என்று சொல்லக் கற்றுக்கொள்வார், அல்லது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஏதாவதொன்றில் மாதச் சம்பளத்துக்குப் போய்விடுவார். தெருவில் மிஞ்சுவது யார் என்பதை முதலாளியின் காதுதான் தீர்மானிக்கிறது. வாங்குபவர் ஏமாறக்கூடாது என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969 முதல் ஓயாமல் பேசிவரும் தீவு இது. பாலியஸ்டரைப் பட்டு என்று சொல்லி விற்றால் என்ன ஆகும் என்று முதலாளிக்கு நன்றாகத் தெரியும்; துணியை விரலில் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் தாம் வாங்குபவராக உட்காரும் அந்த ஒரு நாளில் விரலை நீட்டவே மாட்டார்.

அரசாங்கமும் தெரிந்தோ தெரியாமலோ இதில் கொஞ்சம் உரம் போட்டது. 2020 பட்ஜெட்டில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு டிஜிட்டல் மானியம் அறிவித்தார்கள்: செலவில் பாதி, உச்ச வரம்பு 5,000 ரிங்கிட். நல்ல நோக்கம்தான். ஆனால் பாதி என்றால் 5,000 என்ற கணக்கைப் பார்த்த எவருக்கும் முழுசு எவ்வளவு என்று உடனே தோன்றிவிடும். கோட்டேஷனில் பத்தாயிரம் ரிங்கிட் என்ற தொகைக்கு ஒரு புனிதம் வந்தது அப்படித்தான். கடை சின்னதா பெரியதா, பக்கம் ஒன்றா நூறா என்பதெல்லாம் இந்த எண்ணைப் பாதிப்பதில்லை.

சரி, முதலிடம் என்பது ஏன் விற்க முடியாத சரக்கு? இதை விளக்க பினாங்கைவிட நல்ல ஊர் கிடையாது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டி இரவில் திறக்கும் நாசி கண்டார் கடைக்கு, வரிசையில் நிற்பதைக் குறிக்கும் 'பெராத்தூர்' என்ற மலாய்ச் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. லெபோ கெங் குவீ சந்தில் 1936 முதல் இருக்கும் தியோச்சு செண்டோல் கடையில், வரிசையைப் பார்த்தே வரிசையில் சேர்பவர்கள் பாதிப்பேர். ஸ்டான்ஃபர்டில் படித்துக்கொண்டிருந்த கூகுள் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் செய்ததும் இதுதான். ஒரு பக்கத்தை நோக்கி எத்தனை பக்கங்கள் லிங்க் தருகின்றன என்று வரிசையை எண்ணினார்கள். வரிசையில் நிற்பவர் எப்பேர்ப்பட்டவர் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். தம்பி விற்பது கூலிக்குப் பிடித்த வரிசை. பினாங்கில் காலே வைக்காத ஒருவர், ஒரே நாளில் வார்சாவில் ஒரு பல் மருத்துவரையும் லெபோ பாசாரில் நம் புடவைக் கடையையும் ஐந்து ஸ்டார் போட்டுப் புகழ்ந்திருப்பார். கூலி வரிசை கொஞ்ச நாள் நிற்கும், அதை மறுக்க முடியாது. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி பல்பொருள் அங்காடிக்கு 2010 பண்டிகைக் காலம் முழுக்க நின்றது. 'உடை', 'படுக்கை விரிப்பு' என்று எதைத் தேடினாலும் அந்தக் கடையே மேலே வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கூலி லிங்குகளை வெளியிட்டதும், சில தேடல்களில் ஒன்றாம் இடத்திலிருந்து எழுபதுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி நிறுவனம் தன் நிபுணர்களை வெளியே அனுப்பியது. 2006இல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் சில நாள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதர்களுக்கு வேறு பக்கத்தையும் காட்டியது குற்றம். பி.எம்.டபிள்யூவை மன்னித்து உடனே திரும்பச் சேர்த்தார்கள். புடவைக் கடைக்கு அவ்வளவு செல்வாக்கு இருக்கும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: 1907 முதல் லெபோ கேம்பலில் நிற்கும் ஹமீதியா நாசி கண்டார் கடை எந்தத் தம்பியை நம்பிப் பேர் வாங்கியது, நல்ல சரக்கு இருந்தால் ஆள் தானாக வராதா என்று. வரும், பெயர் தெரிந்தவர்கள் வருவார்கள். ஹமீதியாவைத் தேடுபவர் ஹமீதியா என்றே தட்டுகிறார். அவருக்கு நாசி கண்டார் என்ற பொதுச்சொல்லே வேண்டாம். பணமாற்றுக் கடையையோ தையல் கடையையோ யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு இந்தத் தெருக்களில் நடப்பவர்களில் நிறையப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கும் வெளியூர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் லெபோ பாசார் என்பார், இன்னொருவர் மார்க்கெட் ஸ்திரீட் என்பார். இரண்டும் ஒரே தெரு என்று கடையின் பக்கத்தில் எங்காவது எழுதியிருக்க வேண்டாமா? ஆகவே வேலை இருக்கிறது, உண்மையான வேலை. அதைச் செய்பவரும் இருக்கிறார், ஆனால் பார்க்க அவ்வளவு களையாக இருக்க மாட்டார். அட்டை கொண்டுவர மறந்திருப்பார். வந்ததும் கேள்விகளாகக் கேட்டு முதலாளியை அலுப்பூட்டுவார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எத்தனை மணிக்குச் சாத்துகிறீர்கள்? நோன்பு மாதத்தில் எப்போது திறப்பு? வரைபடத்தில் கடையின் முள் பின்சந்தில் குத்தியிருக்கிறதே, யார் வைத்தது? படத்தில் இருக்கும் போர்டு பழைய கடையுடையதா? 'முதலிடம்' என்ற சொல் அவர் வாயில் வராது.

இன்னொரு பரீட்சையும் கடைத்தெருவில் புழங்குகிறது: எஸ்.இ.ஓ. நிபுணரை அமர்த்துமுன் 'எஸ்.இ.ஓ. நிபுணர் பினாங்கு' என்று தேடிப் பார், முதலில் வருபவரைப் பிடி என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே நிற்பவை பெரும்பாலும் விளம்பரம் என்ற சின்ன எழுத்தோடு நிற்பவை. அதற்குத் தேவை திறமையல்ல, கடன் அட்டை. தவிர, இந்தப் பரீட்சையைத் தம்பிக்கு வைக்கத் தேவையே இல்லை. தேடலின் வழியாக வாடிக்கையாளரை வரவழைக்கும் வித்தை தெரிந்தவர், வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குவானேன்? வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து செய்தி அனுப்புவானேன்? அவர் வாசலில் வந்து நிற்பதே அவருடைய பரீட்சைத் தாள்தான். முதலாளி அதைத் திருத்தாமலே மதிப்பெண் போட்டுவிடுகிறார்.

தம்பிக்குச் சரக்கு தீர்ந்துபோகும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக்குள் மறைவாகத் தேடுசொற்களை எழுதிவைக்கும் கீவேர்டு மெட்டா டேகைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாக அறிவித்தது. கோட்டேஷன்களில் இன்றும் அது தனி வரியாக, தனி விலையோடு இருக்கிறது. கடைப்பெயரிலேயே தேடும் சொற்களைத் திணிக்கும் யோசனையும் சொல்வார். நியூயார்க்கில் 'தாய் ஃபுட் நியர் மீ' என்றே பெயர் சூட்டிக்கொண்ட உணவகம் ஒன்று இருப்பதை ஆதாரமாகக் காட்டுவார். அது உண்மையிலேயே அந்த உணவகத்தின் பெயர், பலகையிலும் அதுதான் இருக்கிறது. பலகையில் தாத்தா பெயரும் கூகுளில் 'மலிவுப் புடவை பினாங்கு'வும் போடுவது விதிமீறல் என்ற வேறுபாட்டை மட்டும் சொல்ல மாட்டார். 2024 முதல் தேடல் முடிவுகளுக்கும் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில் வந்து உட்கார ஆரம்பித்ததும், அட்டையில் 'எஸ்' போய் 'ஜி' வந்துவிட்டது. ஜி.இ.ஓ. என்றால் என்ன என்று முதலாளி கேட்கவில்லை. போன அட்டையில் இருந்ததையும் அவர் கேட்டதில்லை.

அந்த அலுப்பூட்டும் மனிதரின் கோட்டேஷன் ஒரு பக்கம்கூட வராது. திறக்கும் நேரம் சரிசெய்தல், முள்ளை நகர்த்துதல், புதிய படங்கள் பன்னிரண்டு, விமர்சனங்களுக்குப் பதில் எழுதுதல், விலைப் பக்கத்தை மூன்று மொழிகளில் போடுதல். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்து, "இதுக்குப் போய்க் காசா? என் மகளே செய்வாளே" என்பார். செய்வாள், சந்தேகமில்லை. கூகுளில் கடைப் பக்கம் திறக்கக் கட்டணம் கிடையாது. கைபேசியில் அரை மணி நேர வேலை. ஆனால் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அவளுக்கு யாராவது அறுதியாகச் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் அதை முதலாளியே முந்தின நாள் இரவுதான் முடிவு செய்கிறார்.